உதவித் தொகை யார் கைக்குப் போய்ச் சேருகிறது?

நிலத்தில் பயிரிடுவதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் என்பதை நாம் அறிவோம். பயிரிடாமல் நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதற்கும் ஓர் அரசாங்கம் பணம் கொடுத்தது என்றால், நம் தோட்டப்புறங்களில் பலர் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணுவர். 1933ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது உண்மையாகவே நடந்தது. பூவும் காயுமாக நின்ற பருத்திச் செடிகளை உழுது மண்ணோடு புரட்டியவர்களுக்கு அரசாங்கம் காசோலை அனுப்பியது. நிரைகளுக்கிடையே நடந்து பழகிய கோவேறு கழுதைகள் செடிமீது கால் வைக்க மறுத்து நின்றன என்று அக்காலத்தில் பலரும் கூறியுள்ளனர். மனிதர் அவற்றை அடித்து ஓட்ட வேண்டியிருந்ததாம்.

அப்பணம் யாருக்கு எவ்வளவு போயிற்று, நிலத்தில் உழைத்தவன் கைக்கு என்ன வந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம். கூலிக்கும் பங்குக்கும் உழைக்கும் எவரும் அறிந்துகொள்ள வேண்டிய கதை இது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். 1929இல் ராத்தல் 16 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1931, 1932ஆம் ஆண்டுகளில் 6 சென்ட் அளவிற்குச் சரிந்தது. அதே காலத்தில் நம் நாட்டில் ரப்பர் விலை ராத்தல் பத்துக் காசுக்கும் கீழே போனதையும், தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்ததையும் நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். உலகம் முழுவதும் வாங்குவார் இல்லாமல் பண்டங்கள் தேங்கிக் கிடந்த காலம் அது. சந்தைக்கு வரும் சரக்கைக் குறைத்தால் விலை ஏறும் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கு. எனவே 1933 மே 12ஆம் நாள் அதிபர் ரூசுவெல்ட் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். விளைநிலத்தைக் குறைக்கச் சம்மதித்து ஒப்பந்தம் எழுதுவோருக்கு உதவித் தொகை உண்டு. அதற்கான பணம், பருத்தியை நூலாக்கும் ஆலைகளிடம் வரியாகத் திரட்டப்பட்டது. அவ்வாண்டுக் கோடையில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது.

விலை ஏறத்தான் செய்தது. 1934இல் பருத்தி ராத்தல் 12 சென்ட் வரை உயர்ந்தது. ஆகவே அத்திட்டம் பயனற்றது என்று கூறுவது நியாயமாகாது. கோளாறு வேறிடத்தில் இருந்தது.

பாய்ன்செட் மாவட்டம்

அமெரிக்காவில் மாநிலத்தின் உட்பிரிவைக் கவுண்டி என்பர். நம் நாட்டு மாவட்டத்திற்கு ஏறத்தாழ ஒப்பானது. ஆர்க்கன்சா மாநிலத்தின் வடகிழக்கில், மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் உள்ளது பாய்ன்செட் மாவட்டம். சதுப்புக் காடுகளை அழித்து மரத்தை விற்றபின், அம்மண்ணில் பெருநிலக்காரர்கள் பருத்தி விளைவித்தனர்.

உழைப்பவர் பெரும்பாலும் வாரக்குடிகள். வாரக்குடி என்பவனுக்குச் சொந்த நிலம் கிடையாது. நிலம், குடிசை, கழுதை, கலப்பை, விதை யாவும் நிலக்காரருடையவை. குடும்பம் முழுவதும் வயலில் இறங்கி உழைக்கும். பருத்தி எடுக்கும் காலத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இராது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி குடிக்கு. அந்தப் பாதியும் முழுமையாக வருவதில்லை. ஆண்டு முழுவதும் பண்ணைக் கடையில் வாங்கிய மாவு, பன்றிக் கொழுப்பு, துணி ஆகியவற்றிற்கான பற்று, கடும் வட்டியோடு கழிக்கப்படும். கணக்கு எழுதுபவரும் நிலக்காரரே. கணக்குத் தீர்க்கும் நாளில் ஒன்றுமில்லை என்று கைவிரித்தால் கேட்பதற்கு வழியில்லை. தோட்டக் கடைப் பற்றுவரவை அறிந்தவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளையர், கறுப்பர் என்னும் இரு இனத்தாரும் இந்நிலையில் இருந்தனர். கறுப்பரின் நிலை மேலும் இழிவானது. பேச வாய் திறந்தவன் உயிருக்கே உறுதியில்லை.

இத்தகைய இடத்தில்தான் உதவித் தொகை வந்து இறங்கியது.

1933ஆம் ஆண்டுப் பணத்தில் விளைச்சலில் பங்குடைய குடிக்கும் உரிமை இருந்தது. ஆயினும் காசோலை நிலக்காரர் பெயருக்கு வந்ததால், பழைய கடனுக்கு ஈடாக்கி அதனைத் தாமே வைத்துக்கொண்டவர் பலர். 1934, 1935ஆம் ஆண்டுகளுக்கான ஒப்பந்தமோ பங்கீட்டையே மாற்றிவிட்டது. சும்மா விடும் நிலத்திற்கு இரு வகைப் பணம் உண்டு. ஒன்று வாடகைப் பணம்: அந்நிலத்தில் விளைந்திருக்கக்கூடிய பருத்திக்கு ராத்தலுக்கு மூன்றரை சென்ட். மற்றொன்று விலை ஈட்டுப் பணம்: ராத்தலுக்கு ஒரு சென்ட். வாடகைப் பணம் நிலக்காரருக்கே உரியது. விலை ஈட்டுப் பணம் மட்டும் விளைச்சலைப் போலவே பாதிப்பாதியாகப் பிரிக்கப்படும்.

கூட்டிப் பாருங்கள். நூறு ராத்தலுக்கு அரசாங்கம் கொடுத்தது 4 டாலர் 50 சென்ட். நிலக்காரருக்கு 4 டாலர். வாரக்குடிக்கு 50 சென்ட். உழுதிருந்தால் பாதி விளைச்சல் கிடைத்திருக்கும். உழாமல் விட்டதற்கு ஒன்பதில் ஒரு பங்கு கிடைத்தது. அந்த ஒரு பங்கும் இல்லாமல் செய்வதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. குடியை அனுப்பிவிட்டால் முழுத் தொகையும் நிலக்காரருக்கே. நாற்பது விழுக்காட்டு நிலம் சும்மா கிடக்கும்போது அத்தனை குடும்பங்கள் எதற்கு?

சட்டம் எழுதியவர்கள் இதை எண்ணாமல் இல்லை. ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவில், வழக்கமான எண்ணிக்கையில் குடிகளை வைத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் குடிசைகளில் வாடகையின்றித் தொடர்ந்து வசிக்க விட வேண்டும் என்றே எழுதினர். ஆனால் "இயன்ற வரையில்" என்னும் பொருளுடைய ஒரு சொல்லையும் அதில் சேர்த்தனர். தொல்லை தருபவனாக இருந்தால் வெளியேற்றலாம் என்றும் விதி வைத்தனர். இரண்டு சொற்கள் போதும், ஒரு பாதுகாப்பைப் பொத்தலாக்க.

முறையீடு செய்ய இடம் இருந்ததா? இருந்தது, மாவட்டக் குழு. அதில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நிலக்காரர்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமே. வெளியேற்றப்பட்ட குடி தன் நிலக்காரரைப் பற்றி அவருடைய அண்டை வீட்டாரிடம் புகார் செய்ய வேண்டும். வாஷிங்டனிலிருந்து பார்த்தால் உள்ளூர் மக்களே நடத்தும் அழகிய நிருவாகம். வயலிலிருந்து பார்த்தால் வேறு தோற்றம்.

பள்ளிக்கூடத்தில் கூடிய பதினெண்மர்

பாய்ன்செட் மாவட்டத்தில் டைரன்சா என்பது ஒரு சிற்றூர். அதன் அருகில் ஒரு பண்ணையாளர் பல குடும்பங்களை வெளியேற்றினார். 1934 சூலைத் திங்களில் பதினோரு வெள்ளையரும் ஏழு கறுப்பரும் ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் கூடினர். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் துணி வெளுக்கும் கடை வைத்திருந்த எச். எல். மிட்சல், பக்கத்தில் பெட்ரோல் நிலையம் நடத்திய கிளே ஈஸ்ட் ஆகிய இருவர். இனத்திற்கு ஒன்றாக இரண்டு சங்கங்கள் அமைப்பதா, ஒரே சங்கம் அமைப்பதா என்னும் கேள்வி எழுந்தது. 1919இல் அதே மாநிலத்தின் எலேன் என்னும் ஊரில் கறுப்பு உழவர்கள் சங்கம் சேர்ந்தபோது, கொலைவெறியோடு அது ஒடுக்கப்பட்டது. பிரிந்து நின்றால் மீண்டும் அதுவே நேரும் என்று கூட்டத்தில் பேசப்பட்டது. ஒரே சங்கம் என்று முடிவாயிற்று. அதுவே தென் குத்தகை உழவர் சங்கம்.

அச்சங்கத்தார் அடி பட்டனர், சிறை புகுந்தனர், கூட்டம் நடந்த இடங்களில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. வெளியேற்றத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு தோற்றது. அரசாங்கத்தின் வேளாண்மைத் துறையிலேயே சில சட்ட அலுவலர்கள், ஏழாம் பிரிவு இருக்கும் குடிகளையே காக்க வேண்டும் என்று பொருள் கூறினர். 1935 பிப்ரவரியில் அவர்களின் தலைவரான ஜெரோம் பிராங்கும் உடனிருந்த சிலரும் பதவி நீக்கப்பட்டனர். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சங்கம் பருத்தி எடுப்போரின் வேலைநிறுத்தத்தை நடத்தியது. நூறு ராத்தல் எடுக்க ஒரு டாலர் கேட்டனர். பல இடங்களில் 75 சென்ட் பெற்றனர்.

1936 சனவரி 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆலைகள்மீது விதித்த வரி செல்லாது என்று தீர்ப்பளித்தது. புதிய சட்டங்கள் வந்தன. அவற்றில் குடிகளின் பங்கு கூடியது. அப்பங்கு அவர்கள் பெயருக்கே நேரடியாக வழங்கப்பட்டது. குடிகளைக் குறைத்து நிலக்காரர் தம் பங்கைக் கூட்டிக்கொள்ளக் கூடாது என்று 1938ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய திருப்பம் வருகிறது. பங்குக்கு உழுபவனுக்கு உதவித் தொகையில் பங்கு உண்டு. நாட்கூலிக்கு உழைப்பவனுக்கு இல்லை. ஆகவே பல நிலக்காரர்கள் வாரக்குடிகளை நாட்கூலிகளாக மாற்றினர். அதே மனிதன், அதே வயல், அதே வேலை; பதிவேட்டில் மட்டும் அவன் பெயருக்கு எதிரே இருந்த சொல் மாறிற்று. கையில் சேர்ந்த அரசாங்கப் பணத்தில் டிராக்டர் வாங்கியவர்களும் உண்டு. தென் மாநிலங்களில் 1930இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 76 ஆயிரம் வாரக்குடிகள் இருந்தனர். 1940இல் அவர்கள் 5 இலட்சத்து 41 ஆயிரமாகக் குறைந்தனர். 1944இல் மிசிசிப்பி மாநிலப் பண்ணை ஒன்றில் நட்டது முதல் எடுத்தது வரை முழு விளைச்சலையும் பொறிகளே செய்து முடித்தன. எஞ்சியிருந்தோரும் சிக்காகோ போன்ற நகரங்களுக்கு இரயில் ஏறினர்.

கூலியாட்களுக்கு வேறு சட்டங்கள் கைகொடுத்தனவா எனில், அதுவும் இல்லை. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பண்ணைத் தொழிலாளரை விலக்கிவிட்டது. 1938இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் அவர்களை விலக்கியது. பெரும் பண்ணைகளில் உழைப்போரை அதில் சேர்ப்பதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று பாய்ன்செட்டில் நெல் பெருமளவு விளைகிறது. அமெரிக்க நெல்லில் ஏறத்தாழப் பாதி ஆர்க்கன்சா மாநிலத்தது. மாவட்டக் குழு இன்னும் இருக்கிறது. அதன் உறுப்பினர்களை உழவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். உதவித் தொகையின் முறை மாறிவிட்டது. அரசாங்கம் ஒரு விலையைக் குறிக்கும். சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் வேறுபாட்டைக் கொடுக்கும். நெல்லுக்கு நூறு ராத்தலுக்கு 14 டாலர் என்றிருந்த அவ்விலையை 2025ஆம் ஆண்டுச் சட்டம் 16 டாலர் 90 சென்ட்டாக உயர்த்தியது. பணம் கணக்கிடப்படுவது இவ்வாண்டு நட்ட பயிருக்கு அன்று. முன்பே பதிவான அடிப்படை ஏக்கருக்கு. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவர் அத்தொகையைப் பெறுவார். எனினும் உதவித் தொகை வரும் நிலத்திற்குக் குத்தகை ஏறிவிடுகிறது. ஒரு டாலர் உதவியில் ஏறத்தாழ 25 சென்ட் குத்தகை உயர்வாக நில உரிமையாளருக்குப் போய்விடுகிறது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வயலில் கூலிக்கு உழைப்பவருக்கு இதில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை.

நம் நாட்டுக் கணக்கு

இனி நம் நாட்டிற்கு வருவோம். பருத்தியைக் குறைத்தால் விலை ஏறும் என்று அமெரிக்கர் எண்ணுவதற்கு முன்பே ரப்பரில் அது செய்து பார்க்கப்பட்டது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம். பின்பு 1934இல் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. இவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்னும் உரிமை நிலத்தை அளவாகக் கொண்டு வழங்கப்பட்டது. சிறுதோட்டக்காரரின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதைப் பொருளியல் அறிஞர் பீட்டர் பாவர் பின்னர் எடுத்துக்காட்டினார். பால்வெட்டுத் தொழிலாளருக்கு அவ்வுரிமைச் சீட்டில் இடமே இல்லை. 1930 முதல் விலை வீழ்ந்த ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்திற்குக் கப்பலேற்றப்பட்டனர் என்பது நாம் அறிந்த வரலாறு.

1952இல் மறுநடவு நிதி வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் ஒவ்வொரு ராத்தலுக்கும் நாலரைக் காசு இதற்காகத் திரட்டப்பட்டது. ஏற்றுமதியாளர் கட்டிய வரி, அவர் வாங்கும் விலையில் கழிந்து, கடைசியில் பாலை விற்றவர் தலையிலேயே விடிந்தது. பெருந்தோட்டங்கள் கட்டிய பணம் அவரவர் விளைச்சலுக்கு ஏற்ப மறுநடவிற்காகத் திருப்பித் தரப்பட்டது. சிறுதோட்டக்காரரின் பணம் ஒரு பொதுப் பேழையில் சேர்ந்து, பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்டவர்களுக்கு மட்டும் உதவித் தொகையாயிற்று. புதுக்கன்று பால் தர ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். மூன்று ஏக்கர் வைத்திருப்பவன் இருக்கும் மரத்தையும் வெட்டிவிட்டு அதுவரை எதை உண்பான்? வரி எல்லாரிடமும் வாங்கப்பட்டது. காத்திருக்க முடிந்தவரே பயன் பெற்றனர். 1973 முதல் இப்பணி ரிஸ்டா எனப்படும் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியத்திடம் வந்தது.

அப்படியானால் அம்மறுநடவால் நாட்டிற்கு நன்மை இல்லையா? பெரு நன்மை உண்டு. செயற்கை ரப்பரின் போட்டிக்கு நம் ரப்பர் ஈடு கொடுத்ததற்கு நல்லின மரங்களே காரணம். எந்தத் திட்டத்தையும் அது நாட்டிற்குச் செய்த நன்மை ஒரு கணக்கு, தொழிலாளிக்குச் செய்த நன்மை மற்றொரு கணக்கு என்று இரண்டாகவே எழுதிப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது நம் தொழிலாளர் இவ்விரண்டாம் கணக்கைத் தாமே எழுத முற்பட்டனர். துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தனர். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நிலப் பத்திரத்தில் முதன்முறையாகத் தொழிலாளரின் சங்கத்தின் பெயர் ஏறியது.

இன்று தோட்டத்தில் சம்பளத்திற்கு வெட்டுபவருக்கு ரப்பர் உதவித் தொகைகளில் நேர்ப்பங்கு கிடையாது. அவருக்குரியது சம்பள ஒப்பந்தம். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கம்பத்துப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கியவர்களும், பிறர் நிலத்தில் பங்குக்குப் பால் வெட்டுபவர்களும் நம்மிடையே உள்ளனர். 2015 முதல் ரப்பர் விலை குறித்த அளவிற்குக் கீழே இறங்கும்போது உற்பத்தி ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. அதைப் பெறுவதற்கு மலேசிய ரப்பர் வாரியத்தின் விற்பனை அனுமதி அட்டை தேவை. நில உரிமையாளர் மட்டுமல்லாது வெட்டுபவரும் அவ்வட்டையைப் பெற இடமுண்டு என்பதைப் பலர் அறியாமல் இருக்கின்றனர். உரிமையாளரின் அட்டையிலேயே எல்லாப் பாலையும் விற்றுவிட்டு, ஊக்கத்தொகை வந்ததா வராததா என்றே தெரியாமல் இருந்தால், டைரன்சாவில் காசோலைக்குக் காத்திருந்த குடியின் நிலைதான்.

ஆகவே பங்குக்கு வெட்டுபவர், வேலை தொடங்கு முன்னரே விளைச்சலில் தம் பங்கு எவ்வளவு, உதவித் தொகையில் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்க. சாட்சிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் இருப்பது நலம். பால் விற்கும் ஒவ்வொரு முறையும் சீட்டில் எடை, விலை, தம் அட்டை எண் மூன்றும் எழுதப்பட்டுள்ளனவா என்று வாங்குபவர் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாதவர், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம். அச்சீட்டுகளை ஈரம் படாத தகரப் பெட்டியில் ஆண்டு வாரியாகக் கட்டி வைப்பது நல்லது.